சத்தம் நம்ம பொறுப்பு

ஊசி போட்டு வெளிய உக்காரச் சொல்லிட்டாரா டாக்டர்? சரி சரி, நீங்க பேசாதீங்க. வாயில பஞ்ச வச்சிக்கிட்டு பேசக் கூடாது. ஆமான்னா தலைய இப்படி ஆட்டுங்க, இல்லன்னா அப்படி ஆட்டுங்க, போதும். கைய மட்டும் தூக்காதீங்க சார். என் மூஞ்சிப் பக்கமா சட்டுனு ஒரு கை வந்தா எனக்கு ஆகாது. ஏன்னு வர்ற எடத்துல சொல்றேன்.

நான் டோக்கன் பத்தொம்போது. இப்பத்தான் பதினஞ்சு உள்ள போயிருக்கு. நெறைய நேரம் இருக்கு.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கா? ஓங்கி அடிச்சதும் சுத்திக்கிட்டுப் போயி கோழிக்கூடு மேல விழுவேனே, அந்த ஆளு. இட்லிக் குண்டானுக்குள்ள தலைய விடுவேனே, அந்த ஆளு. ஆங், சிரிக்கிறீங்க பாருங்க. சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துரும்.

பேர் என்னன்னு சொல்லுங்க பாப்போம். பேச முடியாதுல்ல, விடுங்க. பேச முடிஞ்சாலும் சொல்லிருக்க மாட்டீங்க. யாருக்கும் தெரியாது. இருநூத்திப் பதினோரு படம் சார். எல்லாரும் என்னைய ‘பளார்’னுதான் கூப்பிடுவாங்க. கவுண்டர்ல இருக்குதே அந்தப் பொண்ணு, அதுகூட நோட்டுல ‘பளார் சார்’னு எழுதிருச்சு. நான்தான் அழிக்கச் சொல்லி, ஆவுடையப்பன்னு எழுத வச்சேன். சொந்த ஊரு நல்லாம்பட்டி. ஆமா, அதே நல்லாம்பட்டிதான். அந்த டிவியில கீழ ஓடிக்கிட்டிருக்கே, ‘நல்லாம்பட்டி தொகுதி, பதினேழாவது சுற்று, பொடிமாஸ் சம்பந்தம் முன்னிலை’ன்னு, அதே ஊருதான். அந்த பொடிமாஸ் சம்பந்தம்தான் என்னைய முப்பது வருசமா அடிக்கிறவரு.

டிவில சத்தம் வைக்கச் சொன்னா அந்தப் பொண்ணு வைக்க மாட்டேங்குது. உள்ள மெசின் ஓடுற சத்தத்துல டாக்டருக்கு இடைஞ்சலா இருக்குமாம். போகட்டும், படம் தெரியுதுல்ல.

இப்ப ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், வெளிய விடாதீங்க. அடிக்கிறவருக்கு ஒரு வேலையும் கிடையாது சார். கைய ஓங்கணும், வீசணும். அவ்வளவுதான். மிச்சம் பூரா அடி வாங்குறவன் வேலை. அவர் கைய நடுவுல நிறுத்த மாட்டாரு, நிறுத்தினா பொய்யின்னு தெரிஞ்சிரும். அந்தக் கை வர்றதுக்குள்ள மூஞ்சிய நாமதான் எடுக்கணும். எடுக்கிற அதே நேரத்துல, இங்க பாருங்க, இடுப்புக்கிட்ட ரெண்டு கையையும் யாருக்கும் தெரியாம ஒரு தட்டு தட்டணும். அந்தச் சத்தம்தான் பளார். நாடகக் கம்பெனியில எங்க வாத்தியார் மொத நாளே சொல்லிருவாரு, ‘டேய், கை அவன் பொறுப்பு, சத்தம் உன் பொறுப்பு’ன்னு. இந்தத் தேர்தல் வரைக்கும் முப்பது வருசத்துல ஒருத்தர் கைகூட என் கன்னத்துல பட்டதில்ல. ஒருத்தர் கைகூட! இது எத்தன பேருக்குத் தெரியும்? பஸ்ஸுல வர்ற அம்மாங்கல்லாம் என் தாடையப் பிடிச்சுப் பாத்து ‘பாவம்யா, வலிக்காதா’ன்னு கேப்பாங்க. வலிக்கிற மாதிரி செய்றதுக்குப் பேருதான் நடிப்பு, அத சம்பந்தமா செய்றாரு? நான் செய்றேன். பேரு அவருக்கு.

நான் ஒண்ணும் பொறாமையில சொல்லல. அவரு எனக்கு அண்ணன் மாதிரி. என்னைவிட ஒம்போது வயசு சின்னவரு, இருந்தாலும் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். எங்க தொழில்ல போஸ்டர்ல யாரு மூஞ்சி பெருசோ அவங்க அண்ணன்.

அவருக்கு இந்தப் புதுக்கட்சியில சீட்டுக் குடுத்தாங்க. கட்சி பேரு வேண்டாம், உங்களுக்கும் வம்பு எனக்கும் வம்பு. சின்னம் சீப்பு. அவருக்குத் தலையில ஒரு முடி கிடையாது, படத்துல பாக்கிறது பூரா விக்கு. சீப்ப வச்சிக்கிட்டு ஓட்டுக் கேக்கணும்னா அந்த விக்கு மாட்டித்தான் ஆகணும், ஏப்ரல் மாச வெயில்ல. இதுல கட்சிக்காரங்க அவருக்கு ஒரு உத்தரவு போட்டுட்டாங்க. ‘இனிமே நீங்க காமெடி பண்ணக் கூடாது, உயர்திரு க. சம்பந்தம்னு கம்பீரமா இருக்கணும்’னு. பொடிமாஸையே எடுத்துரலாம்னு பாத்தாங்க. அதுக்குள்ள எதிர்க்கட்சிக்காரங்க எங்கிருந்தோ மூணு சம்பந்தத்தப் பிடிச்சிட்டு வந்து சுயேச்சையா நிறுத்திட்டாங்க. மெசின்ல நாலு சம்பந்தம் இருந்தா சனம் எதை அமுக்கும்? அதனால பொடிமாஸ் திரும்ப வந்துருச்சு.

மொத மூணு நாள் அவரு கம்பீரமாத்தான் பேசினாரு. பொருளாதாரம் பத்திப் பேசினாரு சார்! எழுதிக் குடுத்ததப் பாத்து. சனம் வாயப் பாத்துக்கிட்டு நிக்குது, ஒருத்தர் சிரிக்கல, ஒருத்தர் கை தட்டல. நாலாவது நாள் வாரச் சந்தையில ஒரு மீன்கார அம்மா சத்தமா கேட்டுருச்சாம், ‘எல்லாம் சரிய்யா, பளார எங்க?’ன்னு. அம்புட்டுதான். சந்தையே சேந்துக்கிச்சு. ‘பளார கூட்டிட்டு வா! பளார கூட்டிட்டு வா!’ அன்னைக்கு சாயங்காலமே எனக்குப் போன் வந்துருச்சு.

‘பளாரு, நாளைக்குக் காலையில கெளம்பி வாய்யா. உங்க ஊருதானே?’ன்னாரு.

நான் சும்மா ஒத்துக்கிடல சார். ரெண்டு கண்டிசன் போட்டேன். ஒண்ணு, போஸ்டர்ல என் பேரு வரணும், ஆவுடையப்பன்னு. ரெண்டாவது, எனக்கு மைக்குல அஞ்சு நிமிசம் வேணும். காமெடி இல்ல. சீரியஸா பேசணும். நம்ம ஊரு ரயில்வே கேட்டப் பத்தி.

சிரிக்காதீங்க. இது சிரிக்கிற விசயம் இல்ல.

எங்க ஊர ரயில் பாதை ரெண்டா பிளந்துட்டுப் போகுது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், வீடெல்லாம் இந்தப் பக்கம். நடுவுல கேட். ஒரு நாளைக்குப் பத்தொம்போது தடவ மூடுறான். ஒரு தடவ மூடினா இருபது நிமிசம், சில நேரம் அரை மணி. மேம்பாலம் வேணும்னு நான் சின்னப் பையனா இருந்த காலத்துல இருந்து ஊர்க்காரங்க கேக்குறாங்க. எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்சுல நான்தான் கூட இருந்தேன். கேட் மூடியிருந்துச்சு. கூட்ஸு வண்டி, நிதானமா போகுது. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல, பெட்டிய எண்ண ஆரம்பிச்சேன். அம்பத்தெட்டு பெட்டி சார். முடியறதுக்கு முன்னாலயே எங்க அப்பா போயிட்டாரு. அவரு கைய நான்தான் பிடிச்சிருந்தேன்.

இத ஊருக்கு முன்னால ஒரு தடவ சொல்லணும்னு எனக்கு ஆசை. யாரு நின்னு கேப்பா? என்னையப் பாத்தாலே சிரிக்கிறாங்களே. பால்காரன் சிரிக்கிறான். எங்க அப்பா காரியத்தன்னைக்கே பந்தல்ல ரெண்டு பேரு என்னையப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினாங்க. அதான் மைக்கு கேட்டேன். வேட்பாளர் பக்கத்துல நின்னு பேசினா ஒரு மதிப்பு இருக்கும்ல? ‘சரி, பேசுய்யா, யாரு வேண்டாம்னா’ன்னுட்டாரு சம்பந்தம் அண்ணன்.

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி பேச்ச எழுதினேன். எங்க வீட்டுக்காரி இசக்கியம்மா கடிகாரத்தப் பாத்து நேரம் சொன்னா. அஞ்சு நிமிசம் பன்னெண்டு செகண்டு. ‘தாய்மார்களே, தந்தைமார்களே’ல பாதியக் கழிச்சு, சரியா அஞ்சு நிமிசத்துக்குக் கொண்டு வந்துட்டேன். எல்லாம் கேட்டுட்டு அவ என்ன சொன்னா தெரியுமா? ‘நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு அடிய வைங்க.’ கட்டின பொண்டாட்டி சார்!

மொத நாள், சந்தைப்பேட்டை. ஜீப்புல ஏறினேன். என்னையப் பாத்ததும் சனம் ஆர்ப்பரிக்குது. நான் கைய உசத்தி அமைதிப்படுத்தி, நோட்டப் பிரிச்சு, ‘என் ஊர்க்காரங்களே! நம்ம ரயில்வே கேட்ட ஒரு நாளைக்குப் பத்தொம்போது தடவ’ன்னு ஆரம்பிச்சேன். சம்பந்தம் அண்ணன் பின்னால இருந்து வந்து கைய ஓங்கிட்டாரு. நான் என்ன செய்ய? முப்பது வருசப் பழக்கம். கை வர்றது தெரிஞ்சதும் மூஞ்சி தானா போயிருச்சு, கை தானா தட்டிருச்சு. பளார்! சுத்திக்கிட்டுப் போயி ஜீப்பு கம்பியில தொங்குறேன். சனம் சிரிச்ச சிரிப்புல சந்தையில இருந்த மாடெல்லாம் மிரண்டுருச்சு. ஜீப்பு அடுத்த ஊருக்குக் கெளம்பிருச்சு.

‘அண்ணே, நான் இன்னும் பேசவே இல்லியே’ன்னேன்.

‘அடுத்த எடத்துல பேசுய்யா’ன்னாரு.

அடுத்த எடத்துலயும் அதேதான். அதுக்கடுத்த எடத்துலயும் அதேதான். எட்டு நாள், அறுபத்தி நாலு எடம். ஒரு எடத்துலகூட ‘பத்தொம்போது தடவ’யத் தாண்டல சார் நான். அஞ்சாவது நாள் என்ன ஆச்சுன்னா, நான் ‘ஒரு நாளைக்கு’ன்னதும் கூட்டமே சேந்து ‘பத்தொம்போது தடவ’ன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. கத்தி முடிச்சதும் பளார். டீக்கடையில ஒருத்தனுக்கு ஒருத்தன் ‘எத்தன டீடா?’ன்னா ‘பத்தொம்போது!’ன்னு சொல்லிட்டு முதுகுல போடுறான். நான் இசக்கிக்கிட்ட போன்ல சொன்னேன், ‘பாத்தியா, விசயம் மக்கள்கிட்ட போய்ச் சேந்துருச்சு’ன்னு. இல்லியா பின்ன? ஒரு தொகுதி பூரா ஒரு புள்ளி விவரத்த மனப்பாடமா சொல்லுதுன்னா அது சாதாரண விசயமா?

போஸ்டரா? போஸ்டர்ல பேரு வந்துச்சு. ‘உங்கள் பளார் வருகிறார்.’ அதுக்குக் கீழ அடைப்புக்குறிக்குள்ள ‘ஆவுடையப்பர்’னு போட்டிருந்தான், கோயில் திருவிழா மாதிரி. ரெண்டு பாட்டிங்க தேங்கா பழத்தோட வந்துருச்சுங்க.

இதுக்கு நடுவுல எதிர்க்கட்சிக்காரங்க புகார் குடுத்துட்டாங்க. ‘வேட்பாளர் பொது எடத்துல ஒரு வயசானவர அடிக்கிறாரு, வன்முறை’ன்னு. தேர்தல் அதிகாரி ஒருத்தரு வந்து என்னைய அவரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாவம், காலேஜுல பாட்டனி சொல்லிக் குடுக்குற வாத்தியாரு, தேர்தல் வேலைக்குப் போட்டுட்டாங்க. என் கன்னத்த டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ‘ஒரு தடிப்பும் இல்லியே’ன்னாரு. ‘அடியே விழல சார், நீங்க வேணா அடிச்சுப் பாருங்க’ன்னேன். முடியவே முடியாதுன்னாரு. ‘உங்க அறிக்கைக்குத்தான சார், சும்மா ஓங்குங்க’ன்னேன். கண்ண மூடிக்கிட்டு ஓங்கினாரு பாருங்க. நான் வழக்கம் போல பளார்னு போயி பைல் அடுக்கின பீரோவுல மோதி விழுந்தேன். மனுசன் ஆடிப் போயிட்டாரு. ‘ஐயோ, நான் இதுவரைக்கும் ஒரு எறும்பக்கூட அடிச்சதில்ல’ன்னு நாற்காலியில உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி. நான்தான் மோர் வாங்கிக் குடுத்து, ‘சார், உங்க கை படவே இல்ல’ன்னு மூணு தடவ செஞ்சு காட்டினேன். ‘வன்முறை இல்லை, கலை’ன்னு எழுதிக் குடுத்து அனுப்பினாரு. அரசாங்க முத்திரையோட என்னையக் கலைஞன்னு ஒத்துக்கிட்டது அந்த ஒரு காயிதம்தான். பிரேம் போட்டு வச்சிருக்கேன்.

எட்டாவது நாள் நான் சண்டை போட்டுட்டேன் சார். ‘அண்ணே, நாளையோட பிரச்சாரம் முடியுது. நான் பேசலன்னா நாளைக்கு ஜீப்புல ஏற மாட்டேன்’னேன். அவரு விக்கக் கழட்டி விசிறிக்கிட்டே யோசிச்சாரு. ‘சரிய்யா. கடைசிக் கூட்டம் அந்த கேட்டுக்கிட்டயே வச்சிருவோம். அஞ்சு நிமிசம் முழுசா பேசு. நான் கையத் தூக்க மாட்டேன், போதுமா?’ன்னாரு. எங்க அம்மா மேல சத்தியம் பண்ணினாரு. அவரு அம்மா மேல இல்ல, எங்க அம்மா மேல. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

கடைசி நாள், சாயங்காலம் அஞ்சே முக்காலு. ஆறு மணியோட பிரச்சாரம் முடியணும். கேட்டுக்குப் பக்கத்துல ஜீப்ப நிறுத்தினோம். சரியா அந்த நேரம் பாத்து கேட்ட மூடினான், கூட்ஸு வருதுன்னு.

சார், அன்னைக்கு வந்த கூட்டத்தச் சொல்லணும் உங்களுக்கு. ஒம்போது நாள்ல அப்படி ஒரு கூட்டம் வரவே இல்ல. ரெண்டு பக்கமும் சனம். பஸ்ஸு மட்டும் நாலு சார், நாலு! பஸ்ஸ நிறுத்திட்டு டிரைவர் கண்டக்டர் எல்லாம் எறங்கி நிக்கிறாங்க. பைக்கு ஒரு எரநூறு இருக்கும், எல்லாரும் என்ஜின ஆஃப் பண்ணிட்டு நிக்கிறான். ஒரு கல்யாண வேன் வேற, பொண்ணு மாப்பிள்ளையோட. அவ்வளவு அவசரத்துலயும் நின்னு கேக்கணும்னு தோணுச்சு பாருங்க. யாரும் ஒரு அடி நகரல. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிருச்சு.

நான் ஆரம்பிச்சேன். ‘ஒரு நாளைக்கு’ன்னேன். ‘பத்தொம்போது தடவ!’ன்னு அத்தன பேரும் கத்தினாங்க. கை வரல. சம்பந்தம் அண்ணன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. வாழ்க்கையில மொத தடவையா நான் பத்தொம்போதத் தாண்டி அடுத்த வார்த்தைய பேசினேன் சார். சனத்துக்கு என்ன நடக்குதுன்னு புரியல, அப்படியே அமைதியாயிருச்சு. மேம்பாலத்துக்கு எத்தன மனு குடுத்தோம்னு சொன்னேன், அமைதி. எத்தன தடவ மண்ணு எடுத்துப் பாத்துட்டுப் போனாங்கன்னு சொன்னேன், அமைதி. பின்னால ரெண்டு மூணு பேரு ஆர்வம் தாங்காம ஹாரன்கூட அடிச்சாங்க. கூட்ஸு வந்து தடதடன்னு போக ஆரம்பிச்சது. நான் அதையே காட்டிப் பேசினேன். ‘இதே மாதிரி ஒரு வண்டி. இதே கேட். ஆம்புலன்சுல எங்க அப்பா. நான் எண்ணினேன், அம்பத்தெட்டு பெட்டி. அம்பத்தாறாவது பெட்டி போறப்ப’ன்னு சொன்னேன். அங்க என்னால முடியல சார். கண்ண மூடிட்டேன். ‘எங்க அப்பா’ன்னேன்.

அடிச்சிட்டாரு.

கண்ணு மூடியிருந்தா கை வர்றது எப்படித் தெரியும்? மூஞ்சி அங்கயே இருந்துச்சு. கை தட்டல. முப்பது வருசத்துல மொத தடவையா ஒரு அடி என் கன்னத்துல விழுந்துச்சு, ‘அப்பா’ன்னு தொறந்த வாய் மேல. கோரைப்பல்லு எகிறி ஜீப்பு பானட்டுல விழுந்து உருண்டு போச்சு.

இதுல கொடுமை என்னன்னா, சத்தம் வரல. நெசமான அடிக்குச் சத்தமே கிடையாது சார். தொறந்த வாயில விழுந்தா ‘சொத்’துனு ஒரு சத்தம், அழுகின தக்காளி மாதிரி. மைக்குலகூடக் கேக்கல. நான் விழவும் இல்ல, சுத்தவும் இல்ல. அப்படியே நிக்கிறேன், வாயில ரத்தம். கூட்டம் ஒரு நிமிசம் பாத்துச்சு. யாரும் சிரிக்கல. முன்னால நின்ன ஒரு ஆளு, நல்ல படிச்ச ஆளு மாதிரி இருந்தாரு, உதட்டப் பிதுக்கிட்டு பக்கத்துல சொல்றாரு, ‘வயசாயிருச்சு இவருக்கு. முன்ன மாதிரி வரல. எவ்வளவு செயற்கையா இருக்கு பாரு.’

செயற்கை! என் வாழ்க்கையில வாங்கின ஒரே ஒரு நெச அடி சார் அது!

அதே நேரம் பாத்து கூட்ஸு போயி முடிஞ்சு, அந்தப் பாவி கேட்டத் தொறந்துட்டான். அவ்வளவுதான். பஸ்ஸு, பைக்கு, கல்யாண வேன், எல்லாம் ஒரே நேரத்துல கெளம்பிருச்சு. ஒரு நிமிசத்துல ரோடு காலி. நான் விடல. ‘எங்க அஃபா, எங்க அஃபா’ன்னு பேசிக்கிட்டே இருக்கேன், பல்லு போன எடத்துல காத்து போகுது. எனக்கு இன்னைக்கும் அந்த ஒரு வருத்தம்தான் சார். இன்னும் ரெண்டே ரெண்டு நிமிசம் அந்த கேட்ட மூடி வச்சிருந்தான்னா நான் முழுசா பேசி முடிச்சிருப்பேன். எங்க ஊருக்கு மேம்பாலம் வந்திருக்கும்.

ஆறு மணிக்கு அந்த பாட்டனி வாத்தியாரு வந்து மைக்க நிறுத்தச் சொன்னாரு. என் வாயப் பாத்தாரு. ‘நெசமாவே பட்டுருச்சா?’ன்னு பதறினாரு. வேட்பாளர மாட்டி விடலாமா, சொல்லுங்க? ‘இல்ல சார், நடிப்பு’ன்னேன். அவரு என் முதுகுல தட்டி, ‘என்னைய ஒரு தடவதான் ஏமாத்தலாம். ஆனா இன்னைக்கு சத்தம் பத்தல’ன்னுட்டுப் போனாரு.

சம்பந்தம் அண்ணன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ‘ஏண்ணே? சத்தியம் பண்ணினீங்களே?’ன்னேன். அவரு சங்கடமா நெளிஞ்சாரு. ‘கடைசிப் பெட்டி போகுதுய்யா. போயிட்டா சனம் நிக்குமா? ஒரு சிரிப்போட அனுப்பி வைக்கலாம்னு பாத்தேன். நீ மூஞ்சிய எடுப்பேன்னு நெனச்சேன்’ன்னாரு. சனம் நிக்குமான்னா கேக்குறது? என் பேச்சுக்கு நின்ன சனம் சார்! அவருக்குப் பொறாமை. வேற என்ன?

ஏ, இருங்க இருங்க, டிவியப் பாருங்க! வெற்றின்னு போடுறான். எழுநூத்திச் சொச்சம் ஓட்டு. ஜெயிச்சிட்டாரு! பொடிமாஸு எம்மெல்லே ஆயிட்டாரு! அந்தா, அந்தா, கடைசி நாள் கூட்டத்தக் காட்டுறான். அது நான்தான், நோட்டோட நிக்கிறேன் பாருங்க. எவ்வளவு கூட்டம்! ஆமா, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்கிறாங்க. ரயிலப் பாக்குறாங்கன்னா கேக்குறீங்க? சேச்சே. சாயங்கால வெயிலு சார், மூஞ்சிக்கு நேரா அடிக்கும். கண்ணு கூசுது, திரும்பி நின்னு காத மட்டும் குடுக்குறாங்க. இப்ப பாருங்க, கை வருது, விழுந்துருச்சு.

கவுண்டர் பொண்ணு சிரிக்குது பாத்தீங்களா? அந்தா மூலையில இருக்கிறவரும் சிரிக்கிறாரு. டிவியில சத்தம் இல்லாததுனால நெச அடியும் நடிப்பு மாதிரியே இருக்கு. இத நான் யோசிக்கவே இல்ல.

போன் அடிக்குது. அவரேதான்! ஒரு நிமிசம் சார்.

அண்ணே, வாழ்த்துகள்ணே. பாத்தேன், டிவியில பாத்தேன். பல் டாக்டர்கிட்டதான் இருக்கேன். என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க? இல்ல, ஆவுடையப்பண்ணேன்னீங்களே, அதான். முப்பது வருசத்துல இன்னைக்குத்தான். ஞாயித்துக்கெழமையா? நன்றி சொல்ற கூட்டமா? கேட்டுக்கிட்டயேவா? அஞ்சு நிமிசம் நெசமா தருவீங்களா? பத்துகூடவா? அடியும் வேணுமா? சனம் கேக்குதா? சத்தத்தோடயா? எனக்கு இனிமே அந்தச் சத்தம் வருமான்னே தெரியலண்ணே. அன்னைக்கு அடி விழுந்ததுல இருந்து கை செத்துப் போன மாதிரி இருக்கு. வீட்டுல இசக்கி ஓங்கிப் பாத்தா, தட்ட வரல. இருங்கண்ணே, லைன்லயே இருங்க, போன மடியில வைக்கிறேன்.

சார், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நான் இன்னைக்கு உங்ககிட்டதான் எங்க அப்பா கதைய முழுசா சொல்லியிருக்கேன். நடுவுல எந்திரிச்சுப் போகாம கேட்ட மொத ஆளு நீங்கதான். பஞ்சு இருந்ததுனாலன்னு சொல்லாதீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, இவரு கூப்பிடுறாருன்னு நான் மறுபடி போகணுமா? மானம் ரோசம்னு ஒண்ணு வேண்டாமா? போகலாம்னா இப்படி ஆட்டுங்க, வேண்டாம்னா அப்படி...

என்னம்மா? பத்தொம்போதா? யாரு பத்தொம்போது? என்ன சார், நீங்க ஏன் கையத் தூக்கு...

பளார்!

ஐயோ, மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க! அது என் டோக்கன்னு காட்டத்தான் கையத் தூக்குனீங்க, தெரியும். பயப்படாதீங்க, உங்க கை படவே இல்ல. அந்தப் புத்தக அடுக்கு நான் விழுந்துதான் சாஞ்சுச்சு, நான் அடுக்கிக் குடுத்துர்றேன்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க பாருங்க. உங்க பஞ்சு எங்க? கீழ விழுந்துருச்சா?

போனு, போனு எங்க? இந்தா. அண்ணே, லைன்ல இருக்கீங்களா? கேட்டுச்சா? ஆமாண்ணே, நான்தான். வந்துருச்சுண்ணே! சுத்தமா வந்துருச்சுல்ல? சரி, ஞாயித்துக்கெழம வர்றேன். ஒரே ஒரு கண்டிசன், எழுதி வச்சுக்கங்க. மொதல்ல எங்க அப்பா செத்து முடிக்கட்டும். அதுக்கப்புறம் அடிங்க.